புகார்: "செல்லப் பிராணிகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது" என்று நீங்கள் விற்ற நாற்றுப் பெட்டி

அனுப்புநர்: லெனேசியா வாடிக்கையாளர் (பில் நகலும் புகார் எண்ணும் இணைப்பில் உள்ளன)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம், ஜொகானஸ்பர்க்

பொருள்: நாற்றுப் பெட்டியின் பணத்தையும் மருத்துவச் செலவையும் திருப்பித் தருவதும், பெட்டியின் மேலுள்ள வாசகத்தை நீக்குவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். போனில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், நடக்கவில்லை. வாட்ஸ்அப்பில் படங்களோடு அனுப்பினேன். பார்த்ததற்கான நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. மிட்ராண்டில் உள்ள உங்கள் கிடங்கு வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தும் பார்த்துவிட்டேன். இனி அலைய என்னிடம் தெம்பு இல்லை, அதனால் எழுதுகிறேன். உங்கள் துண்டுப்பிரசுரம் தமிழில் இருந்தது, தமிழில் பேச ஆள் இருப்பதாகவும் அதில் போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன், அதனால் புகாரையும் தமிழிலேயே தருகிறேன்.

பெட்டியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜன்னலோரம் வைக்கிற பெரிய செட், விளக்கும் சூட்டுப் பாயும் சேர்ந்து வருவது. மூடியின் இடப்பக்கக் கொக்கியும், அடித்தட்டின் பக்கவாட்டில் உரம் அடைத்த பச்சை உறையை வைக்கிற அறையும் எப்படி இருக்கும் என்று செய்த உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்த இரண்டும்தான் என் வீட்டில் இத்தனை பாட்டுக்கும் காரணம்.

நடந்தது இதுதான். இங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும், ஆகஸ்ட் கடைசி வரைக்கும் வெளியில் மிளகாய் நாற்று நிற்காது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று நம் ஊரில் சொல்வது இங்கேயும் பொருந்தும், வீட்டுக்குள் விதைத்தால். ஆடியில் உள்ளே விதைத்து, அக்டோபர் மழைக்கு வெளியே நட்டால் சரியாக இருக்கும். மிளகாய் முளைக்க இருபத்தைந்திலிருந்து முப்பது டிகிரி சூடு வேண்டும் என்பதால்தான் சூட்டுப் பாய் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கினேன். வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் இருக்கின்றன. கடையில் இதைச் சொல்லித்தான் கேட்டேன். "பெட்டியிலேயே போட்டிருக்கு பாருங்க" என்று நாய், பூனைப் படத்தைக் காட்டினார்கள். படத்துக்குக் கீழே "செல்லப் பிராணிகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது, பூட்டும் மூடி" என்று எழுதியிருக்கிறது. இது உங்கள் வாசகம், என் கற்பனை இல்லை. புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

குளிர் இரவில் சூடான பாய் இருக்கும் இடத்துக்குப் பூனை வரத்தான் செய்யும். பூனை வளர்த்த எவருக்கும் தெரியும், பூனை வீட்டுக்கென்று சொல்லிப் பெட்டி செய்கிற நிறுவனத்துக்குத் தெரியாமலா இருக்கும்? எங்கள் சிட்டு நாலு கிலோகூட இல்லாத பூனை. அது மூடிமேல் ஏறிப் படுத்ததும் இடப்பக்கக் கொக்கி ஒடிந்துவிட்டது. ஒடிந்த துண்டு என்னிடம் இருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவுதான், முறிந்த இடம் வெளுத்துப்போயிருக்கிறது, ஐஸ்கிரீம் கப்பின் மூடிகூட இதைவிடக் கெட்டியாக இருக்கும். கொக்கி போனதும் தட்டு சரிந்து தரையில் கவிழ்ந்தது. பக்க அறையில் இருந்த பச்சை உறை வெளியே விழுந்தது. அதை எங்கள் நாய் ஜிம்மி கிழித்துத் தின்றுவிட்டது.

காலையில் சமையலறைத் தரையெல்லாம் வாந்தி. வாசலுக்கு வரக்கூட அதற்குக் கால் வரவில்லை. மதியத்துக்குள் வயிற்றுப்போக்கில் ரத்தம் கலந்தது. கிழிந்த உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் உறையின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். எலும்புத்தூள், வேப்பம் புண்ணாக்கு, ஆமணக்குப் புண்ணாக்கு.

ஆமணக்குப் புண்ணாக்கு! ஐயா, கடலைப் புண்ணாக்கை மாடு தின்னும், எள்ளுப் புண்ணாக்கைத் தின்னும். ஆமணக்குப் புண்ணாக்கை யாரும் மாட்டுத் தொட்டியில் போட மாட்டார்கள், வயலுக்குத்தான் போடுவார்கள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. ஆமணக்குக் கொட்டையில் இருக்கிற ரிசின் என்ற நஞ்சு எண்ணெயோடு போவதில்லை, பிழிந்த சக்கையிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடாக்கினால்தான் அது அழியும். மருத்துவர் அதை விளக்கிவிட்டு, இதற்கு முறிவு மருந்து கிடையாது, சலைன் ஏற்றி உடம்பு தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும் என்றார். அதற்கு மேல், கூடவே எலும்புத்தூளைக் கலந்திருக்கிறீர்கள். எலும்புத்தூள் வாசனைக்கு நாய் எங்கிருந்தாலும் தேடி வரும். நஞ்சையும் நாயைக் கூப்பிடுகிற வாசனையையும் ஒரே உறையில் போட்டு, அந்த உறையை ஒரு தாழ்ப்பாள்கூட இல்லாத அறையில் வைத்து, பெட்டிமேல் நாய்ப் படம் ஒட்டி விற்றிருக்கிறீர்கள். இதை யார் பார்த்து அனுமதித்தார்கள்?

ஜிம்மி செத்துப் பிழைத்தது. கடவுள் புண்ணியம். என் மகள் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை, சாப்பிடவும் இல்லை.

இதற்குப் பிறகு உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். முதலில் பேசிய பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதையாகத்தான் பேசினார், புகார் எண் கொடுத்தார். அவர் சொன்னதன் பேரில்தான் மிட்ராண்டில் இருக்கும் உங்கள் கிடங்குக்கு வந்தேன். லெனேசியாவிலிருந்து மிட்ராண்டு என்றால் ஜொகானஸ்பர்க்கின் தெற்கு ஓரத்திலிருந்து வடக்கைத் தாண்டிப் போக வேண்டும், அதுவும் N1 நெடுஞ்சாலையின் காலை நெரிசலில். பெட்ரோல் செலவை விடுங்கள். வேலைக்கு லீவு போட்டு வந்தேன். வாசலில் இருந்த காவலர் உள்ளே விடவில்லை, இது சரக்குக் கிடங்கு, வாடிக்கையாளர் வரக் கூடாது என்றார். உள்ளேயிருந்து ஒருவரைக் கூப்பிடச் சொன்னேன். வெயிலில் காருக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒருவர் வந்தார், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வாங்கின கடையில கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கடைக்காரர்களோ ஏற்கெனவே "கம்பெனியில கேளுங்க" என்று சொல்லி அனுப்பியவர்கள்!

வீட்டுக்கு வந்ததும் மறுபடி போன் செய்தேன். அப்போது பேசினாரே ஒரு தம்பி, அவரைப் பற்றித்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் "ஏழு நாள் தாண்டிடுச்சு ஆன்ட்டி, ரிட்டர்ன் கிடையாது" என்றார். நாய் விஷயத்தைச் சொன்னேன். "நாய்க்கு அறிவு இல்லேன்னா கம்பெனி என்ன பண்ணும்? கட்டிப்போட்டு வளர்க்கணும்" என்றார். பெட்டியில் போட்டிருப்பதைப் படித்துக் காட்டினேன். "அது சும்மா படம் ஆன்ட்டி" என்றார். பேச்சு முடிவதற்குள் பக்கத்தில் யாரிடமோ "ஒரு மிளகாச் செடிக்கு இவ்வளவு கலாட்டா" என்று சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. பெயர் கேட்டேன், வைத்துவிட்டார். உங்கள் பேச்சுகள் பதிவாகின்றன என்று போன் ஆரம்பத்திலேயே சொல்கிறீர்கள் அல்லவா, எடுத்துக் கேட்டுப் பாருங்கள். இத்தனை வயதில் என்னிடம் ஒருவர் இப்படிப் பேசியதில்லை.

ஒரு மிளகாய்ச் செடி என்றாரே, அது என்ன மிளகாய் என்று அவருக்குத் தெரியுமா? காலமான என் மாமியார் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டுக் கொல்லையில் வருஷா வருஷம் விதை எடுத்துக் காப்பாற்றி வந்த மிளகாய் அது. குட்டையாக, தடித்த தோலோடு, ஊறுகாய்க்கென்றே பிறந்த மிளகாய். கடையில் எந்த விலைக்கும் கிடைக்காது. மிளகாய் விதை இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் சரியாக முளைக்காது, அதனால் இந்த வருஷம் விதைத்துப் புது விதை எடுத்தே ஆக வேண்டியிருந்தது. கையில் இருந்தது அத்தனையும் உங்கள் தட்டில்தான் போட்டேன். முளை வந்து, விதையிலைக்கு மேல் முதல் ஜோடி இலையும் விட்டிருந்தது. கவிழ்ந்த தட்டில் எல்லாமே கழுத்தோடு முறிந்து கிடந்தன. ஒரு குடும்பத்தின் விதை இரண்டு தலைமுறையாக வந்தது, உங்கள் கொக்கி ஒடிந்ததில் முடிந்துபோனது. இதற்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாது, கொடுக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. ஆனால் சிரிப்பதை நிறுத்துங்கள்.

விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். கரண்ட் போய் வந்தால் உங்கள் டைமர் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது, நானாகப் போய்த் திருப்பி வைக்கும் வரை விளக்கு எரிவதில்லை. தென்னாப்பிரிக்காவில் விற்கிற பொருளுக்கு இது தெரிய வேண்டாமா? வெளிச்சம் இல்லாத நாற்று மஞ்சளாக நெடுநெடுவென்று வளரும். முளைப்பாரிக்கு அது அழகு, இருட்டறையில் வேண்டுமென்றே அப்படி வளர்ப்போம். நட்டுக் காய் பறிக்க வேண்டிய நாற்றுக்கு அது ஆகாது.

உங்கள் தமிழ்த் துண்டுப்பிரசுரத்தையும் யாராவது தெரிந்தவர் ஒருமுறை படித்தால் நல்லது. "பூனை, நாய் உள்ள வீட்டில் அச்சமின்றி வளர்க்கக்கூடியவை" என்று தக்காளி, வெங்காயம், துளசி என்று வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். வெங்காயமும் பூண்டும் அந்தக் குடும்பத்துத் தழைகளும் பூனை, நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பூனைக்கு அது இன்னும் மோசம். தக்காளியில் பழம் போனால் போகிறது, இலையும் தண்டும் அவற்றுக்கு ஆகாது. பூனை இளந்தழையைக் கடிக்காமல் இருக்காது. அதற்கென்று தனியாக ஒரு சட்டியில் கோதுமையோ ஓட்ஸோ முளைக்கவிட்டு வைத்தால் நாற்றுப் பக்கம் வருவது குறையும், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். உங்கள் தாளில் இப்படி உருப்படியான ஒரு வரிகூட இல்லை. உங்கள் பேச்சை நம்பி இன்னும் எத்தனை வீடுகளில் இந்தப் பச்சை உறை கிடக்கிறதோ, நினைத்தால் வயிறு கலங்குகிறது. அந்த வீடுகளில் தவழுகிற பிள்ளைகளும் இருக்கும்.

ஏழு நாள் என்று தம்பி சொன்னாரே, அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று சொல்கிற உரிமை வாங்கியவருக்கு. திருப்பி எடுக்கும் செலவு விற்றவருடையது. அப்படியிருக்க என்னை மிட்ராண்டுக்கு ஓட வைத்தது எந்தச் சட்டம்? அதே சட்டத்தின் 61ஆம் பிரிவுப்படி, பொருளாலும் போதிய எச்சரிக்கை இல்லாததாலும் வந்த சேதத்துக்கு, கவனக்குறைவு இருந்ததா இல்லையா என்ற கேள்வியே இல்லாமல் செய்தவரும் விற்றவரும் பொறுப்பு. இன்னொன்று, இந்த நாட்டில் உரம் விற்க 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டப்படி பதிவு வேண்டும். உறையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டேன், பதிவெண் எதுவும் கண்ணில் படவில்லை. இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள்.

உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. நம்மவர் நிறுவனம், தமிழில் எழுதித் தமிழரிடம் விற்கிறார்கள் என்ற சந்தோஷத்தில்தான் அக்கம்பக்கத்திலும் கோயிலிலும் நானே நாலு பேரிடம் சொன்னேன். இப்போது அவர்களிடம் போய் உறையை எடுத்து வெளியே எறியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்பவை: பெட்டியின் முழு விலை 1,450 ரேண்ட். மருத்துவர் பில்லில் உள்ள தொகை, ஒரு சென்ட் கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். பெட்டிமேல் உள்ள நாய், பூனைப் படத்தையும் வாசகத்தையும் எடுப்பது. பச்சை உறையை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு எச்சரிக்கை அனுப்புவது. அந்தத் தம்பி போனில் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், மேலாளர் கேட்டால் போதாது.

இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் பொருட்கள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் இதே கடிதம் போகும், அங்கேயும் முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு. உரத்தைப் பற்றி வேளாண் துறைக்கும் தனியாக எழுதுவேன். அதுவரை போகாமல் நீங்களே முடித்துக் கொடுத்தால் நன்றியோடு இருப்பேன்.

பெட்டியும் ஒடிந்த கொக்கியும் மீதி உறையும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பணம் வந்த பிறகு உங்கள் ஆளே வந்து எடுத்துப் போகட்டும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன், வருவதற்கு முன் போன் செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
லெனேசியா வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், கால்நடை மருத்துவரின் பில்லும் குறிப்பும், பெட்டி, கொக்கி, உறையின் புகைப்படங்கள்.