தலைகீழ்ப் பலகை குறும்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பிரான்ஸ் பயணக் கட்டுரையில், ஒரு கிராமத்தின் பெயர்ப்பலகை தலைகீழாக இருக்கும் படத்தைப் போட்டு, அடியில் 'குறும்புக்கார வாலிபர்களின் வேலை' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி இரண்டு நாளாக மனசை விட்டுப் போகவில்லை.

அது குறும்பு இல்லை, ஐயா. 2023 இலையுதிர் காலத்தில் தார்ன் மாவட்டத்து இளம் விவசாயிகள் தொடங்கிய போராட்டம். எல்லாம் தலைகீழாக நடக்கிறது என்று அரசுக்குச் சொல்லத்தான் ஊர் ஊராகப் பலகைகளைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். 2024 ஜனவரியில் விவசாயிகள் டிராக்டர்களோடு வந்து பாரிசைச் சுற்றி நெடுஞ்சாலைகளை மறித்த செய்தி உங்கள் அலுவலகத்துக்கும் வந்திருக்குமே.

நான் புதுச்சேரியில் பிறந்தவள். க்ரூஸ் மாவட்டத்தில் பதினான்கு வருடமாக, முதியவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர்களில் பாதிப் பேர் மாடு வளர்த்தவர்கள். ஒரு பெரியவருக்கு 82 வயது, விரல்கள் மடங்காது. பிப்ரவரிக் குளிரில் தொழுவத்தில் மாடு ஈனுகிறது என்றால் இன்னும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மகன்தான் ஓடுகிறார். பிறந்த கன்றை எட்டு, ஒன்பது மாதம் வளர்த்து, கொழுக்கவைப்பதற்காக இத்தாலிக்கு விற்கிறார்கள். விலையைச் சொல்வது வாங்குகிறவர். மகனுக்குப் பிறகு அந்தப் பண்ணையை நடத்த ஆள் இல்லை. 2010க்கும் 2020க்கும் நடுவில் பிரான்சில் சுமார் ஒரு லட்சம் பண்ணைகள் இல்லாமல் போயின. அப்படி மூடிய சில வீடுகளில் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், பிள்ளைகளின் சத்தம் இல்லை. தபால் நிலையமும் இல்லாமல் போய்விட்டது, அதற்குப் பதிலாக மேரியில், அதாவது ஊர் மன்ற அலுவலகத்தில், வாரம் இரண்டு காலை மட்டும் ஒரு மேசை. ரொட்டி வேன் ஹாரன் அடித்தால்தான் ஜன்னல்கள் திறக்கும். மருத்துவருக்கு முப்பது கிலோமீட்டர் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த மாவட்டம் இது, இன்று ஒன்றேகால் லட்சம்கூட இல்லை. இதற்குப் பெயர் தூக்கமா?

சாணி நாற்றம் பற்றியும் ஒரு வரி. நகரத்திலிருந்து வருகிறவர்கள் சேவல் கூவுகிறது என்று வழக்குப் போட்டதில், கிராமத்து ஒலிக்கும் வாசனைக்கும் பாதுகாப்புத் தர 2021 ஜனவரியில் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் போட்ட பிரான்ஸ் சிறப்பிதழிலும் ஈஃபில் கோபுரம், திராட்சைத் தோட்டம், லாவண்டர் வயல், அவ்வளவுதான். அப்போதும் எழுதினேன், பதில் வரவில்லை.

சரி, இப்போது கேட்பது சின்ன விஷயம். அந்தப் படத்தின் கீழே இருந்த வரியைத் திருத்தி அடுத்த இதழில் வெளியிடுங்கள். இரண்டு வரி போதும். என் பையிலிருந்த இதழில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பெரியவர் சந்தோஷப்பட்டார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
க்ரூஸ், பிரான்ஸ்