முன்பக்க நழுவலைச் சரிசெய்யக் கொடுத்த வண்டி: செய்யாத வேலைக்கு வாங்கிய பணம் குறித்து

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் இருக்கும் உங்கள் பணிமனையில் சென்ற மாதம் 14-ஆம் தேதி என் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை விட்டிருந்தேன். உங்கள் மேற்பார்வையாளரும் நானும் முதலிலிருந்து தமிழில்தான் பேசிக்கொண்டோம். அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

வண்டியின் குறை எளிமையானது. வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்தால் பின்பக்கம் ஒழுங்காக வருகிறது, முன்பக்கம் திரும்ப மறுத்து வெளியே ஓடுகிறது. அண்டர்ஸ்டீர். சாலைக் கார்களைக் கம்பெனிகள் கொஞ்சம் இப்படித்தான் அமைத்து அனுப்புகின்றன என்பது எனக்குத் தெரியும். ஓட்டுகிறவர் பதறி ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்பக்கம் சுழலக் கூடாது, முன்பக்கம் மெல்லப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. நான் குறைக்கக் கேட்டது அந்தக் கொஞ்சத்தில் ஒரு பங்கைத்தான்.

வேலைச்சீட்டில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்: முன்சக்கரம் இரண்டுக்கும் கேம்பர் (சக்கரத்தின் உச்சி உள்பக்கம் சாயும் அளவு) மைனஸ் 1.2 டிகிரி, டோ (சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) பூஜ்யம், நான்கு டயரிலும் காற்று 29. உங்கள் மேற்பார்வையாளர் சிரித்தார். "அதெல்லாம் பத்தாதுண்ணே. முன்னாடி தடிமனா ஒரு ஆன்டி ரோல் பார் போட்டுடுவோம், வண்டி அட்டை மாதிரி ரோட்டப் புடிச்சுக்கும்" என்றார். இடது வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி அது. தொழில் தெரிந்தவர் சொல்கிறாரே என்று தலையாட்டினேன். பாருக்கு 620 வெள்ளி, பொருத்துகூலி 180, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் 120. ஜிஎஸ்டியோடு 1,002.80 வெள்ளி கட்டினேன்.

வண்டியை எடுத்த அன்று மாலை நல்ல மழை. தீவு விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் சுற்றுவழியில், 40-ஐத் தாண்டாத வேகத்தில், ஸ்டீயரிங்கைத் திருப்பியிருக்கிறேன், வண்டி திரும்பவில்லை. "ஏங்க, ஏன் நேராப் போறீங்க?" என்று மனைவி கேட்டார். நான் போகவில்லை, வண்டிதான் போனது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டயர் பிடித்தது. அதற்குள் இடதுபக்கக் கரைக்கல் எட்டிப்பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அளந்தேன். நான்கு டயரிலும் 38. வேலைச்சீட்டில் 29 என்று இருக்கிறது, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் கம்பெனி ஒட்டிய தாளிலும் அதேதான் இருக்கிறது. இதைப் பெரிதாக்கப் போவதில்லை. பணிமனையை விட்டுக் கிளம்பும்போதே நானும் பார்த்திருக்கலாம். காற்றை நானே 29-க்குக் குறைத்துக்கொண்டேன்.

குறைத்த பிறகும் குறை போகவில்லை, கூடியிருந்தது. அதனால் முறையாகச் சோதித்துவிடலாம் என்று மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு நாள் முன்பதிவு செய்தேன். இந்த ஊரில் வேறு வழியில்லை. அப்பர் தாம்சன் சாலைப் பந்தயம் 1973-ஓடு முடிந்துபோனது, மரினா பே தடத்தில் நம்மை விட மாட்டார்கள். முக்கால் டேங்க் பெட்ரோலோடு துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலத்தைத் தாண்டி 300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால்தான் ஒரு வளைவை நிம்மதியாக வேகமாக எடுக்க முடியும்.

மகளின் பெட்டியிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துப் போயிருந்தேன். நான்கு டயரிலும், தரையைத் தொடும் பட்டன் பகுதியின் விளிம்பிலிருந்து பக்கச்சுவர் வரை குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. டயர் எவ்வளவு தூரம் புரண்டு தரையைத் தொடுகிறதோ அவ்வளவு தூரம் கோடு அழியும். பக்கச்சுவரில் இருக்கும் சின்ன முக்கோணக் குறிவரை அழிந்தால் சரியான அளவு. 5.543 கிலோமீட்டர் தடத்தில் ஆறு சுற்று ஓட்டினேன். கடைசித் திருப்பம், அந்த 15-ஆவது, இடதுபக்கம் மடங்கித் திரும்பும் ஹேர்பின். அங்கே ஒவ்வொரு முறையும் மூக்கு உள்வரிசையை விட்டு விலகி அகன்று போனது. இறங்கிப் பார்த்தால் பின்டயர்களில் கோடு முக்கோணத்தோடு நின்றிருந்தது. வலது முன்டயரில் முக்கோணத்தையும் தாண்டி ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கோடே இல்லை. விளிம்பு ரப்பர் சுருள் சுருளாகத் துருவிப்போயிருந்தது. சூட்டோடு அளந்தபோது காற்று 35, ஆகவே காற்றின்மேல் பழிபோட முடியாது. மைனஸ் 1.2 கேம்பர் உள்ள டயர் இந்த அளவுக்குப் புரளாது.

ஊர் திரும்பி, வீவக அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் உள்முனையில் கேம்பரை மாற்றுகிற கேம் போல்ட் இருக்கிறது. போல்ட்டின் தலை, அதன் கோடு போட்ட வாஷர், பிடிமானத் தகடு மூன்றின்மேலும் எண்ணெயும் தூசியும் சேர்ந்த பொருக்கு ஒரே தோலாகப் படர்ந்திருக்கிறது. எங்கும் ஒரு கீறல் இல்லை. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. ஸ்பேனர் பட்டிருந்தால் உதிர்ந்திருக்காதா? வலதுபக்கமும் இதே கதை.

அப்புறம்தான் நீங்கள் கொடுத்த அலைன்மென்ட் தாளைப் பிரித்து நிதானமாகப் படித்தேன். வேலைக்கு முன், இடது மைனஸ் 0.4, வலது மைனஸ் 0.2. வேலைக்குப் பின், இடது மைனஸ் 0.4, வலது மைனஸ் 0.2. டோ மட்டும் மாறியிருக்கிறது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் நட்டைக் கொஞ்சம் திருப்பினால் முடிகிற வேலை அது. தாளின் கீழே பச்சை எழுத்தில் 'சரி' என்று அச்சாகியிருக்கிறது. எது சரி?

தொலைபேசியில் கேட்டபோது உங்கள் மேற்பார்வையாளர் இரண்டு பதில் சொன்னார். முதலாவது, "இந்த வண்டியில கேம்பர மாத்த முடியாதுண்ணே." மாற்ற முடியும், அதற்காகத்தான் அந்தப் போல்ட்டே இருக்கிறது. இரண்டாவது, தடித்த பார் வண்டியின் சாய்வைக் குறைக்கும், சாய்வு குறைந்தால் முன்பிடிப்பு கூடும் என்றார். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற சஸ்பென்ஷன் வைத்த சில கார்களில் இது பலிக்கும். அவற்றில் வண்டி சாயச் சாய வெளிச்சக்கரத்தின் கேம்பர் கெட்டுப்போகும், பார் அதைத் தடுக்கும். என் வண்டியின் முன்பக்கம் டபுள் விஷ்போன், சக்கரத்துக்கு மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்தது, சாயும்போது கேம்பரை ஓரளவு அதுவே காத்துக்கொள்ளும். இதில் முன்பாரை மட்டும் கெட்டியாக்கினால் உள்சக்கரத்தின் பாரம் இன்னும் குறைந்து வெளிச்சக்கரத்தின் தலையில் ஏறுகிறது. பாரம் ஏறுகிற அளவுக்கு டயரின் பிடிப்பு ஏறுவதில்லை. கூட்டிக் கழித்தால் முன்பக்கத்துக்கு நஷ்டம். பாரைத் தொட்டே ஆக வேண்டும் என்றிருந்தால் பின்பாரைக் கொஞ்சம் கெட்டியாக்கியிருக்க வேண்டும், அல்லது முன்பாரை இளக்கியிருக்க வேண்டும். நீங்கள் கொடுத்தது நோயைக் கூட்டுகிற மருந்து.

நான் கேட்பது இவ்வளவுதான். புதிய பாரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, என் பழைய பாரைத் திரும்பப் பொருத்த வேண்டும். அது உங்களிடம்தான் இருக்கிறது, என் டிக்கியில் அடங்காததால் விட்டுவந்தேன், பழைய இரும்போடு போயிருக்காது என்று நம்புகிறேன். பாருக்கும் கூலிக்கும் வாங்கிய 800 வெள்ளியை ஜிஎஸ்டியோடு சேர்த்து, அதாவது 872 வெள்ளி, திருப்பித் தர வேண்டும். அலைன்மென்ட் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வேலையை இப்போதாவது செய்யுங்கள். டயர் தேய்ந்ததற்கும் செப்பாங் செலவுக்கும் எதுவும் கேட்கவில்லை, அது என் ஆசைக்குப் போனது.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன், அங்கும் முடியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். வேலைச்சீட்டு, அலைன்மென்ட் தாள், பொருக்கு உடையாத போல்ட், சாக்பீஸ் கோடு, எல்லாவற்றின் படமும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

எனக்குச் சனிக்கிழமை காலை வசதி. வண்டியைக் கொண்டுவருகிறேன். போல்ட்டைத் திருப்பும்போது பக்கத்திலேயே நிற்பேன், நாற்காலி போட வேண்டாம்.

இப்படிக்கு,
பில்லிலும் வேலைச்சீட்டிலும் பெயர் உள்ள தங்கள் வாடிக்கையாளர்