சங்கத்தின் ஆண்டறிக்கை: பாசிப் பை கட்டிய வரலாறு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, இந்தக் குளிரிலும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஆடியில் மட்டும் மரம் விழுந்து பாதை அடைபட்டதால் கூட்டம் நடக்கவில்லை. புதிதாக ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

இனி பாசி விஷயத்துக்கு வருகிறேன். கோடைக்கானலின் காற்றை, ஆங்கிலத்தில் ‘மாஸ்’ எனப்படும் மரப்பாசியை வைத்துச் சோதிப்போம் என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். அதற்கு முன்னோட்டமாக நம் உறுப்பினரான தாவரவியல் டீச்சர் ஒரு வகுப்பு எடுத்தார். காய்ந்து சுருண்ட பாசி ஒரு பிடியைத் தட்டில் வைத்து, மேலே ஒரு கரண்டி தண்ணீர் தெளித்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அது விரிந்து பச்சையாகிவிட்டது. “இதுக்கு வேர் கிடையாது. இலை மேல மெழுகுப் பூச்சும் கிடையாது. பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம்தான். மழை, மஞ்சு, தூசி எது வந்தாலும் உடம்பாலேயே குடிக்கும். அதோட வர்ற உலோகத்தையும் பிடிச்சு வெச்சுக்கும்” என்றார். அப்படியானால் குருமாவில் போடும் கல்பாசியும் இதுதானா என்று பொருளாளர் கேட்டார். அது பாசியே அல்ல, பூஞ்சையும் ஆல்காவும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் வேறு உயிர். ஆனால் அதுவும் காற்றில் வருவதைப் பிடித்து வைப்பதுதான் என்று பதில் வந்தது. அன்று மதியம் குருமா கொஞ்சம் மிஞ்சியது.

ஸ்வீடனில் ரூலிங், டைலர் என்ற இருவர் 1960களின் இறுதியில் பாசியைக் கொண்டு காற்றில் வந்து படியும் ஈயத்தை ஆராய்ந்தார்கள். 1990 முதல் ஐரோப்பிய நாடுகள் பலவும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இப்படிப் பாசி சேகரிக்கின்றன. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 2013இல் நகரம் முழுக்க 346 இடங்களில் மரப்பாசி எடுத்துப் பார்த்தபோது, வண்ணக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலைகளை ஒட்டி காட்மியம் என்ற நச்சு உலோகம் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. அதுவரை யாரும் அந்தப் பக்கம் சந்தேகப்படவில்லை.

நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. இங்கிருந்த வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடியபின், ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் நம் ஊர்ப் பாசியையும் கல்பாசி இனத்தையும் எடுத்துச் சோதித்துப் பாதரசம் இருப்பதை 2003இல் எழுதினார்கள். ஏரிக்கரை மரங்களும் தப்பவில்லை. பாசியை அறிந்தவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. செண்பகனூரில் இருந்த பிரெஞ்சுத் துறவி ஃபொரோ, பழனி மலைப் பாசிகளை வகைபிரித்து 1961இல் பட்டியலே வெளியிட்டார்.

நம் சோதனைக்கு வருகிறேன். விடுமுறைக் கூட்டத்தின் வண்டிப் புகையும் பிரேக், டயர்த் தூசியும் எவ்வளவு படிகின்றன என்று பார்ப்பதே நோக்கம். வனத்துறைக் காட்டுக்குள் ஒரு பிடிகூட எடுக்கவில்லை. உறுப்பினர் ஒருவர் தோட்டத்தில் காற்றுக்கு ஒடிந்த கிளைகளிலிருந்துதான் பாசி எடுத்தோம். குப்பை பொறுக்கி, சுத்தமான தண்ணீரில் அலசி, நைலான் வலைப் பையில் போட்டு, ஏழு சாலை சந்திப்பு, பேருந்து நிலையம், ஏரிச் சாலை, பெருமாள்மலை என நான்கு இடங்களில் ஆயுத பூஜைக்கு முன் கட்டினோம். தீபாவளி கழித்து அவிழ்த்தோம்.

பிழைகளையும் பதிவு செய்தாக வேண்டும். முதல் பிழை என்னுடையது. பைகளைக் கட்டுவதற்குத் துத்தநாகம் பூசிய கம்பியை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். டயர்த் தூசியில் தேட வேண்டிய முக்கிய உலோகமே துத்தநாகம்! மழைத்தண்ணீர் கம்பி வழியாக நேரே பைக்குள் இறங்கியிருக்கிறது. இரண்டாவது, தீபாவளியையும் உள்ளே விட்டது. பட்டாசுப் புகை எது, வண்டிப் புகை எது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. மூன்றாவது, எங்கும் கட்டாமல் மூடிவைத்த பாசி ஒரு பொட்டலம் ஒப்பிடுவதற்கு இருந்திருக்க வேண்டும். அது இல்லாததால் பாசியில் முன்பே இருந்தது எவ்வளவு, புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு என்று சொல்ல வழியில்லை. பேருந்து நிலையப் பையைக் குரங்கு பிய்த்துப் போட்டதை நான் பிழைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மீதி மூன்று பைகளைக் காசு கட்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று செயற்குழு தீர்மானித்தது. அனுப்பியிருந்தால் ஏதோ ஓர் எண் வந்திருக்கும். அதைப் பத்திரிகைக்குக் கொடுக்கச் சொல்லி நம்மிலேயே சிலர் நின்றிருப்பார்கள். சரியாகச் செய்தாலும், எந்த இடத்தில் கூடுதல், எந்த இடத்தில் குறைவு என்றுதான் பாசி காட்டும். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதற்குக் கருவிதான் வைக்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கான தீர்மானங்கள்: பங்குனியில் ஒரு முறை, சித்திரை நெரிசலில் ஒரு முறை எனத் தலா ஆறு வாரம் பை கட்டுவது. கம்பிக்குப் பதில் நைலான் கயிறு. குரங்கு எட்டாத உயரம். ஒவ்வொரு இடத்திலும் மூன்று பை. மூடிய பொட்டலம் டீச்சர் வீட்டில் இருக்கும். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாசி உரிக்கும் உறுப்பினர்கள், நாம் பாசி எடுக்கும் தோட்டத்தில் அடையாளத்துக்குத் துணி கட்டி வைத்திருக்கும் மரங்களை மட்டும் விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நைலான் வலை வாங்கிய ரசீது கிடைத்துவிட்டது. கம்பி ரசீதும் இருக்கிறது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

நன்றி.
செயலாளர்