எங்கள் வீட்டில் விளக்கேற்ற உதவிய அனைவருக்கும் நன்றி

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

எங்கள் தாமானின் (குடியிருப்பின்) அன்பார்ந்த குடும்பங்களுக்கும், வீட்டு வேலையில் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கை விட்டுப் பிறந்த ஊருக்கே திரும்பிய எங்கள் குடும்பம், பழைய மலிவு விலை வரிசை வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பித்து, இறையருளால் முழுமையாகக் குடியேறிவிட்டது. புதுமனை புகுவிழாவன்று வந்தவர்களை எல்லாம் கைகூப்பி வரவேற்றோம். ஆனால் அன்றைய பரபரப்பில், யார் எந்த நேரத்தில் எப்படித் துணை நின்றார்கள் என்று எடுத்துச் சொல்ல வாய்க்கவில்லை. அக்குறையை நிறைவு செய்யவே இம்மடலை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் அவரவர் செய்ததை மட்டும் குறிப்பிடுகிறேன். யார் யாரென்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

தோட்டத் தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காகத் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு சேர்த்தவர் என் தந்தை. தமக்கென்று ஒரு வீடு வேண்டும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்து, தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டிலேயே கண்மூடினார். ஆகவே இவ்வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் எங்களுக்குப் பெரிது. அதற்குத் துணை நின்றவர்களும் அவ்வளவு பெரியவர்கள்.

மலிவு விலை வீடுகளுக்கு 25,000 வெள்ளி (ரிங்கிட்) என்று 1982-இல் உச்சவரம்பு விதிக்கப்பட்ட பிறகு எழுந்த வீடுகளில் இதுவும் ஒன்று. இரண்டே அறைகள், ஒடுங்கிய சமையற்கட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, துரு கலந்து செந்நீர் கொட்டும் இரும்புக் குழாய்கள். சாயம் பூசிய கதவுச் சட்டம் பார்வைக்குப் புதிதுபோல் இருந்தது. விரல் முட்டியால் தட்டியபோது உள்ளீடற்ற ஓசை கேட்டது, கட்டை விரலை அழுத்தியதும் உள்ளே இறங்கிவிட்டது. பால்மர (ரப்பர்) காட்டை அழித்துக் கட்டிய இடங்களில் மண்ணுக்கடியில் விடுபட்ட வேர்களும் கட்டைகளும் கறையானுக்கு நெடுநாள் இரையாகும் என்றும், சட்டத்தை மட்டும் மாற்றினால் அது மீண்டும் வரும் என்றும் சொல்லி, தரையோரம் முழுக்கத் துளையிட்டு மருந்து செலுத்த வைத்தவர் எதிர் வரிசையில் குடியிருக்கும் முன்னாள் தோட்டக் கிராணி (எழுத்தர்). அவர் சொல்லைக் கேட்டதால்தான் பின்னர் போட்ட மரவேலை இன்று பழுதின்றி நிற்கிறது.

முதலில் வேலையை எடுத்த குத்தகையாளர் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு, கூரையில் பாதியைப் பிரித்த நிலையில் வராமலே போய்விட்டார். பணம் போனால் போகிறது என்று மனம் சோர்ந்திருந்த எங்களிடம், பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான் என்று விளக்கி, விண்ணப்பப் பாரத்தைத் தேசிய மொழியில் பிழையின்றி நிரப்பித் தந்து, ரசீதுகளையும் கைத்தொலைபேசிச் செய்திகளையும் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தவர் நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. விசாரணை நாளில் பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. இதே நிலையில் தவிக்கும் குடும்பங்கள் நம் ஊரில் இன்னும் இருக்கக்கூடும் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். கேட்டால் உதவ அவர் அணியமாக இருக்கிறார்.

எஞ்சிய கூரையைப் பிரிக்கும்போது, ரப்பர் ஆலையில் பிட்டராக (இயந்திரம் பொருத்துநராக) இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தாமாகவே வந்து நின்றார். ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை உடைக்கவோ அறுக்கவோ கூடாது, உடைந்தால் பறக்கும் நுண்ணிழை நுரையீரலைக் கெடுக்கும் என்று பணியாளர்களுக்குப் பொறுமையாக எடுத்துரைத்தார். முறையான முகக்கவசம் அணியச் செய்து, தகடுகளை நனைத்து முழுசாக இறக்கி, கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பில் இருமுறை சுற்றிக் கட்ட வைத்தார். அக்கம் பக்கத்துக் குழந்தைகளின் நலனை நினைத்து அவர் வெயிலில் நின்ற அந்த நாளுக்கு ஈடாக எங்களால் எதுவும் தர இயலாது.

குளியலறை போட்ட கொத்தனாரின் வேலை ஒழுக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும் வடிகால் வாயைத் துணியால் அடைத்து, தரை நிறைய நீர் நிரப்பி, நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டுச் சென்றார். 24 மணி நேரம் கழித்து அந்தக் கோட்டில் நீர் நிற்பதைப் பார்த்த பிறகுதான் முதல் தளவோட்டைக் கையில் எடுத்தார். அவசரப்படுத்திய உறவினர்களுக்கு அவர் மறுமொழி சொல்லவே இல்லை, வேலையைத்தான் காட்டினார். வயர்மேன் தம்பியும் அப்படியே. ஈரம் படும் இடத்துக்கு மின்கசிவு 10 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறை என்று சொல்லி, சுடுநீர்க் கருவிக்குத் தனியாக ஒன்று பொருத்தினார். அதிலுள்ள சோதனைப் பொத்தானை எப்படி அழுத்திப் பார்ப்பது என்று என் மனைவிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுத்த பிறகே விடைபெற்றார். கடைத்தெரு இரும்புக் கடைத் தவுக்கே (முதலாளி), முன்பணம் பறிபோன செய்தி அறிந்து, சிமெண்டையும் குழாய்களையும் கடனாகவே கொடுத்தனுப்பினார். கணக்கைக் கேட்டு ஒருமுறைகூட அழைத்ததில்லை.

இனி, அண்டை வீட்டார். சமையற்கட்டைப் பின்புறம் நீட்ட நகராண்மைக் கழகத்திடம் அளித்த விண்ணப்பத்தோடு இருபுறத்து வீட்டாரின் ஒப்புதல் கடிதமும் தேவைப்பட்டது. முன்பின் பழகாத எங்களுக்கு இரு குடும்பங்களும் அன்றே கையெழுத்திட்டுக் கொடுத்தன. வரிசை வீடுகளில் சுவர் பொதுவானது. நாங்கள் இடித்த ஒவ்வோர் இடியும் அவர்கள் வீட்டில்தான் அதிர்ந்தது. வலப்புறத்துச் சீனக் குடும்பத்தில் நோயுற்ற முதியவர் இருந்தும் அவர்கள் முகம் சுளித்ததில்லை. அவர் மதியம் உறங்கும் நேரத்தை நாங்கள்தான் கேட்டறிந்து, அந்நேரத்தில் துளையிடும் வேலையை நிறுத்தி வைத்தோம்.

இடப்புறத்து மக்சிக் (மலாய் அம்மா), எங்கள் அடுப்பு இல்லாத காலம் முழுவதும் காலைப் பசியாறலை வேலியின் மேலாக நீட்டியவர். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மரக்கறி உண்பதை யாரும் சொல்லாமலே கவனித்து, அந்நாளில் மட்டும் நெத்திலியும் முட்டையும் சேராத சம்பலோடு நாசி லெமாக் கட்டிக் கொடுப்பார். மாலையில் ஆட்கள் போனதும் வாளிகளையும் சாந்துத் தொட்டிகளையும் தாமே கவிழ்த்து வைப்பார். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பெருக ஒரு வாரம் அளவே போதும் என்பதால், இந்தச் சிறு வேலை எங்கள் வரிசை முழுவதற்கும் டிங்கியிலிருந்து காவலாயிற்று.

நம் வட்டார ரூக்குன் தெத்தாங்கா (அண்டை அயலார் காவல் திட்டம்) இளைஞர்களுக்கும் நன்றி. 1975-இல் தொடங்கிய அத்திட்டம் 2012-இல் தனிச் சட்டமும் பெற்றது. ஆனால் எங்களைப் பொறுத்தவரை அது, கதவு பொருத்தாத வீட்டின் செம்புக் கம்பிச் சுருள்களை மழை இரவுகளிலும் சுற்றி வந்து பார்த்துக்கொண்ட பிள்ளைகளின் பெயர்தான். அவர்களும் உழைத்துக் களைத்தவர்கள் என்பதை நான் அறிவேன்.

இவ்வளவும் பெற்றுக்கொண்டு சும்மா இருக்க எங்களுக்கு மனமில்லை. இரவுக் காவல் பட்டியலில் என் பெயரையும் மூத்த மகன் பெயரையும் கொடுத்துவிட்டோம். அடுத்த கோத்தோங் ரோயோங் கூட்டுப் பணியில் பின்சந்துக் கால்வாயைத் துப்புரவு செய்பவர்களுக்கான பசியாறல் எங்கள் வீட்டுப் பொறுப்பு. அலுமினிய ஏணி, தள்ளுவண்டி, தளவோடு அறுக்கும் கருவி ஆகியவை வாசல் கொட்டகையில் இருக்கின்றன. எவர் வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். வெளிச்சுவருக்கு வாங்கிய வெள்ளைச் சாயத்தில் இரண்டு டின் பிரிக்காமல் இருக்கிறது. ஆயாக் கொட்டகை (குழந்தைக் காப்பகம்) சுவருக்கு அது பயன்படுமென்றால், சொல்லி அனுப்புங்கள். நாங்களே வந்து பூசித் தருகிறோம்.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
நான்காம் வரிசை, மூலைக்கு முந்திய வீட்டுக் குடும்பத்தினர்