இஸ்திரி போடாத சட்டை

அன்பு மகளுக்கு,

நீ கேட்ட என் பழைய சட்டையை அனுப்பியிருக்கிறேன். துவைத்தேன், இஸ்திரி போடவில்லை. வலது முழங்கைப் பக்கம் தொட்டுப் பார். துணி நைந்து, வெளியே புடைத்து நிற்கும். எத்தனையோ வருஷம் மேசையில் ஊன்றிய கை அது. கழுத்துப்பட்டியின் உள்ளே வியர்வைக் கறையும் இருக்கிறது. அதை வெட்டி எறிந்துவிடாதே.

உடம்பை வரையாமலே உடம்பைக் காட்ட வேண்டும், வழி தெரியவில்லை என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கும் அதே நினைப்பு. பிரான்சில் பிறந்த சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவை எடுத்துக்கொள், 1911இல் பிறந்தவர். பெற்றோர் பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடுகிறவர்கள். அவற்றில் அழிந்துபோன பாதங்களைச் சிறுமியாக இருக்கும்போதே வரைந்து கொடுத்திருக்கிறார். எண்பதைத் தாண்டிய பிறகு தன் சொந்த உடுப்புகளையே எடுத்துச் சிற்பம் செய்தார். போலந்துச் சிற்பி மக்தலேனா அபகனோவிச் 1976 முதல் 1980 வரை செய்த 80 முதுகுச் சிற்பங்களைப் படத்தில் பார்த்தேன். சாக்குத் துணியைப் பிசினில் இறுக்கிச் செய்தவை. தலை கிடையாது, முன்பக்கம் வெறும் கூடு. ஆனாலும் குனிந்து உட்கார்ந்திருக்கும் மனிதரின் களைப்பு அப்படியே தெரிகிறது. முகம் வேண்டியிருக்கவில்லை, பார்த்தாயா?

துணியை மண்ணில் புதைத்து எடுக்கப் போவதாகச் சொன்னாய். அதில் ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன்: நூலைக் கவனி. மண்ணுக்குள் கிடந்த கைத்துணி ஒன்றை ஒருமுறை தோண்டி எடுத்தேன். துணி சல்லடையாகியிருந்தது, இழுத்ததும் கையோடு வந்தது. ஓரத் தையல் மட்டும் தைத்த அன்று இருந்தபடியே இருந்தது. பருத்தி என்பது செல்லுலோஸ், செடியின் நார்ப்பொருள்; மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கு அது இரை. பாலியெஸ்டர் நூல் பிளாஸ்டிக், அதை அவை சீண்டுவதில்லை. உடம்பும் மண்ணும் வேறில்லை என்று சொல்லப்போகிற துணியில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு மிஞ்சலாமா?

அதனால் இந்தச் சட்டையின் தையலை எல்லாம் பிரித்து, பருத்தி நூலில் கையால் மறுபடி தைத்தேன். பொத்தான்களை அறுத்துத் தனி உறையில் போட்டிருக்கிறேன். முழங்கையும் மண்ணோடு போய்விடுமே என்று ஒரு நாள் முழுக்க மனசு அடித்துக்கொண்டது. போகட்டும் கண்ணு, நீ கேட்டுத்தானே கொடுக்கிறேன்.

இடது கையை மட்டும் பிரித்தபடியே விட்டிருக்கிறேன். அதை நீ தைத்துக்கொள். புதைப்பதற்கு முன் ஒருமுறை போட்டுப் பார்த்து, படம் எடுத்து அனுப்பு.

அம்மா