படகுக்கு எந்த பேட்டரி?

மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. லண்டனில் வாடகை கொடுத்தே ஓய்ந்துபோய்க் கடைசியில் கால்வாயில் குடியிருக்க நேரோபோட் என்கிற ஒடுங்கிய படகை வாங்கிவிட்டாய். அதைவிட, ஏழடி அகலத்துக்குள் குடித்தனம் நடத்தத் தங்கச்சி சம்மதித்ததுதான் எனக்கு ஆச்சரியம். இங்கே பிரான்ஸ்டனில், எங்கள் படகில் எல்லாரும் நலம். பெரியவள் செப்டம்பரில் லீட்ஸில் படிக்கச் சேர்கிறாள், அவளுடைய கட்டிலுக்கு அடியில் அலமாரி செய்யலாம் என்று இப்போதே கண் வைத்திருக்கிறேன்.

சரி, பேட்டரிக்கு வருகிறேன். கடைக்காரர் நான்கு லெஷர் பேட்டரியை, அதாவது விளக்கு, ஃபிரிட்ஜ் ஓட்டுகிற ஈய பேட்டரியைக் காட்டி, சீல் வைத்தது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், அஞ்சு வருஷம் உழைக்கும் என்றாராம். உழைக்கலாம், ஆனால் எந்தப் படகில்? எந்த கம்பெனி வாங்கலாம் என்று நீ திரும்பத் திரும்பக் கேட்கிறாய், அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது நீ எப்படி சார்ஜ் ஏற்றப் போகிறாய் என்பது. மரினா என்கிற படகு நிறுத்துமிடத்தில் கரையிலிருந்து ஒயர் இழுத்துப் பிளக் மாட்டியே கிடக்கப் போகிறாய் என்றால், யோசிக்காமல் அந்த ஈய பேட்டரியையே வாங்கு, மிச்சக் காசில் ஊருக்கு ஒரு டிக்கெட் போடு. நீயோ ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிற ரகம். கரை மின்சாரம் கிடையாது, எஞ்சினும் சோலாரும்தான்.

பவர் கட் காலத்தில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோமே, அதிலிருந்த டியூபுலர் பேட்டரியும் இதே ஈயமும் ஆசிடும்தான். கரண்ட் போனால் இரண்டு மணி நேரம் ஃபேன் ஓட்டும், கரண்ட் வந்ததும் நிரம்பிவிடும், மற்ற நேரமெல்லாம் முழு சார்ஜிலேயே கிடக்கும், அதனால்தான் அத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது. படகில் கதை தலைகீழ். 80 சதவீதம் வரை விறுவிறுவென ஏறும். கடைசி 20 சதவீதம் நாலைந்து மணி நேரம் பிடிக்கும், எஞ்சினோடு சுற்றி கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் நிரம்ப நிரம்ப பேட்டரியே கரண்டை வாங்க மறுக்கும். அதற்காக யார் தினமும் எஞ்சினை ஓடவிட்டு டீசல் எரிப்பார்கள்? கரையில் கட்டி நிற்கும்போது இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை எஞ்சின் ஓட்டக் கூடாது என்பது வேறு. ஆக, முக்கால்வாசி நிரம்பியதோடு நிறுத்துவாய், மறுநாளும் அப்படியே. பேட்டரித் தகட்டில் படிகிற லெட் சல்ஃபேட் என்ற ஈய உப்பு நாளாக நாளாக இறுகி, அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் கரையாது. கால்வாயில் பல பேட்டரிகள் சாவது இப்படித்தான்.

சோலாரை நம்பலாமா என்றால், ஜூனில் நம்பலாம். 400 வாட் பேனல் இருந்தால் நல்ல வெயில் நாளில் 120 ஆம்பியர் அவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் அவர்) வரை தரும், டிசம்பரில் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தால் பெரிய விஷயம்.

தேவையையும் கணக்குப் போடு. 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 40 ஆம்பியர் அவர் அளவுக்கு இழுக்கும். விளக்கு, தண்ணீர் பம்ப், டீசல் ஹீட்டர், உங்கள் இரண்டு பேர் லேப்டாப் எல்லாம் சேர்த்தால் 100-ஐத் தொடும். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் தங்கச்சி பயப்பட வேண்டாம். போன கோடையில் அம்மா மதுரையிலிருந்து வந்தபோது வாசலில் கால் வைத்ததுமே கேட்டது, இதுல மாவு ஆட்ட முடியுமாடா என்றுதான். 750 வாட் மிக்சி ஓடும்போது 65 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மிரட்டலாகத்தான் தெரியும், ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு மொத்தமே 6 ஆம்பியர் அவர்தான். 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் 40 நிமிஷம் ஓடினாலும் 10-ஐத் தாண்டாது. இன்வெர்ட்டர் மட்டும் பியூர் சைன் வேவாக, அதாவது வீட்டு கரண்ட் மாதிரி சீரான அலை தருவதாக இருக்கட்டும், மலிவானதில் மாட்டினால் மோட்டார் உறுமும், சூடாகும். இண்டக்ஷன் அடுப்பு ஆசையை விட்டுவிடு, கேஸ் போதும்.

நாளைக்கு 100, இரண்டு நாள் தாங்க வேண்டும் என்றால் 200. ஈயத்தைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 400 ஆம்பியர் அவர் வாங்க வேண்டியிருக்கும், எடை நூறு கிலோவைத் தாண்டும். லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரியில் 250 போதும், எடை மூன்றில் ஒரு பங்குதான். விலை அதிகம்தான். ஆனால் பாதியில் நிறுத்தினாலும் அது கவலைப்படாது, உன் பிழைப்புக்கு அதுதான் முக்கியம். 80 சதவீதம் இறக்கி ஏற்றினாலும் 3,000 தடவைக்கு மேல் தாங்கும். இந்த ரசாயனத்தை 1997-ல் உலகத்துக்குச் சொன்ன கட்டுரையில் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃப் பெயரோடு அக்ஷய பாதி, கே.எஸ். நஞ்சுண்டசாமி என்று இரண்டு பெயர்களும் உண்டு. அது இருக்கட்டும்.

ஆனால் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஈயம் நிரம்பும்போது ஆல்டர்னேட்டருக்கு ஓய்வு கொடுக்கும், லித்தியம் கடைசி வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றோட்டமும் குறைவு, ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு வெந்துபோகும். இன்னொன்று, பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுச் சுற்று ஏதோ காரணத்துக்காகத் திடீரென்று துண்டித்தால், எழும் வோல்டேஜில் ஆல்டர்னேட்டர் போய்விடும். அதனால் எஞ்சினைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் பேட்டரி ஈயமாகவே இருக்கட்டும், ஆல்டர்னேட்டர் அதற்கு மட்டும் போகட்டும், அதிலிருந்து டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு அளவாக எடு.

பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்துக்கு சார்ஜ் ஏற்றவே கூடாது, உள்ளே உலோக லித்தியம் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். குளிரில் தானாகவே சார்ஜை நிறுத்துகிற பிஎம்எஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. எஞ்சின் பக்கத்தில் வைக்காதே, கோடையில் கொதிக்கும், ஜனவரியில் உறையும். உள்ளே, படிக்கு அடியில் வை. இன்சூரன்ஸ்காரருக்கும் எழுதிச் சொல்லிவிடு. பொங்கலுக்கு ஊருக்குப் போனால், ஈயத்தை முழுசாக நிரப்பிவிட்டுப் போக வேண்டும், லித்தியத்தைப் பாதியில் விட்டு மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

இதெல்லாம் சொன்னாலும் இந்த மாசம் எதையும் வாங்காதே. ஷண்ட் (போகிற வருகிற கரண்டை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்றை மட்டும் மாட்டு, பழைய பேட்டரியோடு கொஞ்ச நாள் ஓட்டு, உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று அது சொல்லும். நான் போட்ட 100 உனக்கு 60 ஆகலாம், 140-ம் ஆகலாம். அதற்குள் ஆல்டர்னேட்டர் மேல் இருக்கிற தகட்டைப் படம் எடுத்து அனுப்பு, 70 ஆம்பியரா 90-ஆ என்று தெரிந்தால் சார்ஜர் 30 போதுமா 50 வேண்டுமா என்று சொல்லிவிடலாம். போன் வேண்டாம், நான் இருக்கிற இடத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும், எழுதியே அனுப்பு.