பார்க்காத பூநாரைக்கு முழு மதிப்பெண்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னைக் கல்லூரி ஒன்றில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சுற்றுச்சூழல் கல்வி எங்களுக்குக் கட்டாயப் பாடம். தேர்வுக்கு முந்தைய இரவு படித்தாலே தேறிவிடலாம் என்று பெயர் வாங்கிய தாள் அது. நானும் அப்படித்தான் தேறினேன். சதுப்புநிலத்தின் பயன் ஒன்று கூறுக என்ற கேள்விக்கு, ‘மழைநீரைத் தேக்கி வெள்ளத்தைத் தணிக்கும்’ என்று எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது.

எங்கள் வீடு இருப்பது வேளச்சேரியில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூடத்துக்குள் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வந்தது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவரில் அந்தக் கோடு தலைகாட்டிவிடுகிறது. அந்தக் கோட்டுக்கும் நான் எழுதிய விடைக்கும் தொடர்பு உண்டு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

களப்பணிக்கென்று ஒரு ரெக்கார்டு உண்டு. சீனியர் அக்கா ஒருவரின் நோட்டை வாங்கி, ‘பள்ளிக்கரணையில் கண்ட பறவைகள்’ என்ற தலைப்பில் அப்படியே பார்த்து எழுதினேன். பள்ளிக்கரணை எங்கள் பக்கத்துச் சதுப்புநிலம். சென்றதாக எழுதிய மாதம் ஆகஸ்ட். கண்டவற்றில் முதலாவது பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ. படத்துக்கு ரோஜா நிறம் தீட்டியது மட்டும் என் சொந்த உழைப்பு.

மதிப்பெண் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உறுத்தல் தாங்காமல் தங்கையுடன் அங்கே போனேன். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. துரைப்பாக்கம் ரேடியல் சாலையோரம் நின்றால் ஒரு பக்கம் கோரைப்புல்லுக்கிடையே நீலத் தாழைக்கோழிகள், முக்குளிப்பான்கள். தொலைவில் பெருங்குடிக் குப்பைமேடு. சதுப்பின் மேலேயேதான் இந்த ஊர் தன் குப்பையை இத்தனை ஆண்டுகள் கொட்டியிருக்கிறது. பைனாகுலரோடு நின்றிருந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பூநாரையா? அது பெரும்பாலும் குளிர்காலத்து விருந்தாளி அம்மா. ஆகஸ்டில் எங்கே பார்த்தாய்?”

தண்ணீர் போகும் வழியையும் அவர்தான் கை நீட்டிக் காட்டினார். தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் பக்கம் கடலில் கலக்க வேண்டும். 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது சுமார் 1,247 ஹெக்டேர். முன்பு இது அதைப்போலப் பல மடங்கு பரந்து கிடந்ததாம். மிச்ச இடத்தில் சாலைகளும் அலுவலகங்களும் குடியிருப்புகளும் நிற்கின்றன. தண்ணீருக்கு வேறு போக்கிடம் இல்லை, எங்கள் கூடத்தைத் தவிர.

பாடத்திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் பிறப்பித்த உத்தரவின் தொடர்ச்சியாகத்தான் இந்தப் பாடம் எல்லாப் பட்டப்படிப்புகளுக்கும் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு முதலில் வகுத்துத் தந்த மாதிரிப் பாடத்திட்டத்திலேயே 100-க்கு 25 மதிப்பெண் களப்பணிக்கு இருந்தது. வகுத்தவர்கள் சரியாகத்தான் யோசித்திருக்கிறார்கள். அதை நோட்டுக்குள் அடைத்துவிட்டது நாங்களும் எங்கள் ஆசிரியர்களும்தான். எழுபது பேரை ஒரே பேராசிரியர் எங்கே அழைத்துப் போவார் என்பதும் நியாயமான கேள்வியே.

எல்லாரும் ஒன்றாகப் போக வேண்டியதில்லையே. அவரவர் தெரு மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று நடந்து பார்த்து, கையால் ஒரு வரைபடம் போட்டுவந்தால் போதும். 25 மதிப்பெண்ணை அதற்குத் தரலாம். ஆளுக்கொரு தெரு என்பதால் பார்த்து எழுதவும் வழியிருக்காது. பல்கலைக்கழகங்கள் இதை யோசிக்க வேண்டும்.

என் ரெக்கார்டு இப்போது முதலாண்டு மாணவி ஒருத்தியிடம் இருக்கிறது. கேட்டபோது கொடுத்துவிட்டேன். பூநாரைக்கு என்ன நிற பென்சில் வாங்கினீர்கள் என்று நேற்று கேட்டாள்.

இப்படிக்கு,
பி.காம். மாணவி,
வேளச்சேரி, சென்னை